காற்றுமானியின் வக்கீல்

வெண்பொழிலில் காலை ஐந்தே முக்காலுக்குக் காற்று வந்தது.

வந்தது என்றால் குழாயில். ஒருநாள் விட்டு ஒருநாள், நாற்பது நிமிடம். முதல் வீட்டுக் குழாய் 'புஸ்' என்றதும் "காத்து வந்துட்டு! காத்து வந்துட்டு!" என்ற கூச்சல் தெருவின் கடைசி வீடு வரைக்கும் ஓடும். பல் துலக்கிக்கொண்டிருந்தவர்கள் நுரையோடு வெளியே வந்து உருளைகளை உருட்டிக் குழாயில் மாட்டுவார்கள். எதிர்வீட்டுக்காரி அரை உருளை கூடுதலாகப் பிடித்துவிட்டாளா என்று இந்த வீட்டுக்காரி எட்டிப் பார்ப்பாள். பிடித்திருந்தால் அவளுடைய ஏழு தலைமுறையும் நாறும். நிலவில் கண்ணாடிக் குமிழ் கட்டி, நாலாயிரம் நெல்லைச் சீமைக்காரர்கள் குடியேறி எழுபது வருடம் ஆகிறது. பூமியில் தண்ணீருக்கு அடித்துக்கொண்ட சனம், மூன்று லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்து காற்றுக்கு அடித்துக்கொண்டது. ஊர் மாறினால் புத்தி மாறும் என்று எந்த மடையன் சொன்னானோ தெரியவில்லை.

அந்தக் காற்றைத் திறந்துவிடுகிறவர்தான் கோமதிநாயகம். காற்று வாரியத்தில் தலைமை வால்வாளர். முப்பத்தோரு வருடச் சேவை, ஒரு நாள் தாமதமில்லை, ஒரு நயா பைசா லஞ்சமில்லை. இதை அவர் யாரும் கேட்காமலே சொல்லுவார். நாலாம் தெருவில் யாருக்கு எந்த வம்பு வந்தாலும் அவரிடம்தான் யோசனை கேட்பார்கள். அவரும் கையில் இருப்பதை எடுத்துக் கொடுப்பதுபோல உடனே கொடுப்பார். "வக்கீல் எதுக்குடே? நேராப் போ. நடந்ததைச் சொல்லு. வாயுள்ள பிள்ளை பிழைச்சுக்கும்." அவர் யோசனையைக் கேட்டுப் போனவர்களில் இரண்டு பேர் இன்னும் திரும்பி வரவில்லை. அது அவர்களுக்குச் சரியாகப் பேச வராததால் என்பது கோமதிநாயகத்தின் முடிவு.

ஒரு திங்கட்கிழமை காலையில், கோமதிநாயகம் வீட்டுச் சுவர்த் திரையில் வழக்கமாக ராசிபலன் வருகிற இடத்தில் குற்றப்பத்திரிகை வந்தது. நாலாம் தெரு, நாற்பத்தொன்றாம் எண் வீட்டில், பங்குக்கு மேல் அறுபது உருளைக் காற்று இழுக்கப்பட்டிருக்கிறது. குற்றம்: காற்றுத் திருட்டு. சான்று: நாலாம் தெருக் காற்றுமானி. விசாரணை வெள்ளிக்கிழமை. தண்டனை உறுதியானால் தென்துருவப் பனிச்சுரங்கத்தில் பத்து வருடம்.

பனிச்சுரங்கம் என்றால் வெண்பொழிலில் குழந்தைகூட அழுகையை நிறுத்தும். சூரியன் எட்டிப் பார்க்காத பள்ளம் அது. போய்த் திரும்பியவர்கள் நாலு வார்த்தை சேர்த்துப் பேச நாலு தடவை மூச்சு வாங்குவார்கள். கோமதிநாயகத்துக்கு வயது ஐம்பத்தெட்டு. பத்து வருடம் தாங்குகிற நுரையீரல் அவரிடம் இல்லை. அது அவர் மனைவி முப்பிடாதிக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரியவில்லை. அவர் சிரித்தார்.

"அறுபது உருளையாம்! அவ்வளவு காத்தை வாங்கி நான் என்ன செய்ய, ஊஞ்சலா கட்டி ஆட? மானி கோட்டி பிடிச்சுக் கெடக்கு. போய் ரெண்டு வார்த்தை சொன்னா முடிஞ்சுது."

"இங்க பாருங்க," என்றாள் முப்பிடாதி. "கடைத்தெருவுல ஜெசிந்தா வக்கீலம்மா இருக்காங்க. ஒரு எட்டு போயிட்டு வந்துருவோம்."

"வக்கீலா? நான் என்ன களவாணியா?"

"களவாணிக்கு எதுக்குங்க வக்கீல்? அவனுக்குத்தான் என்ன செஞ்சோம்னு தெரியுமே. ஒண்ணும் செய்யாத உங்களுக்குத்தான் என்ன சொல்லணும்னு தெரியாது."

"மடியில கனமில்ல முப்பிடாதி. வழியில எனக்கென்ன பயம்?"

இந்தப் பழமொழியை அவர் அன்று மட்டும் ஏழு தடவை சொன்னார். மடியில் கனம் இருக்கிறதா இல்லையா என்று தடவிப் பார்க்கிறவன் வேறொருவன் என்பது அந்தப் பெரிய மண்டையில் ஏறவே இல்லை.

தெருவே திரண்டு வந்து யோசனை சொன்னது. இவர்கள் இருக்கிறார்களே, பல்வலி என்றால் பல் டாக்டரிடம் போவார்கள். முடி வெட்டத் தனி ஆள். மாவரைக்கிற எந்திரன் மக்கர் பண்ணினால் மூன்று குமிழ் தாண்டி மெக்கானிக்கைத் தேடிப் போவார்கள். ஆயுசில் பத்து வருடம் போகிற காரியத்துக்கு மட்டும் எதிர்வீட்டுக்காரன் யோசனை போதும். "வக்கீல் வச்சாலே தீர்ப்புச் சொல்லுத பொறி சந்தேகப்படும்" என்றான் ஒருவன். "அழுதுருங்கண்ணே, நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு அழுதுருங்க" என்றான் இன்னொருவன். கோமதிநாயகம் எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினார். ஜெசிந்தாவின் அறைக் கதவு செவ்வாய்க்கிழமை முழுக்கத் திறந்தே கிடந்தது. வெண்பொழில் முழுமைக்கும் அவள் ஒருத்திதான் வக்கீல். கடைசியாகக் கட்சிக்காரர் என்று ஒருவர் படியேறி எட்டு மாதம் ஆகியிருந்தது.

புதன்கிழமை காலையில் காவல் ஆய்வாளர் அருளப்பன் அவரைக் கூப்பிட்டனுப்பினார். அடிதடி, உருட்டல், மிரட்டல் ஒன்றும் இல்லை. நாற்காலி போட்டார். இஞ்சி தட்டிப் போட்ட தேநீர் கொடுத்தார். "சார், உங்களைத் தெரியாதா எங்களுக்கு? எங்கப்பாவும் உங்க பிரிவுலதான் இருந்தாரு. இதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டி. ஒரு வருத்தக் கடிதம் எழுதிக் குடுத்துட்டுப் போங்க. கோப்புல வச்சுருவோம்."

'எழுதிக் கொடுத்துட்டுப் போ' என்ற மூன்று வார்த்தைக்கு மயங்காத தமிழன் பூமியிலும் இல்லை, நிலவிலும் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஆரம்பிக்கிற பழக்கம் அது. செய்தோமோ செய்யவில்லையோ, மன்னிப்பு என்று ஒரு தாள் எழுதிவிட்டால் பெரியவர்கள் மனம் குளிர்ந்துவிடும், காரியம் முடிந்துவிடும். கோமதிநாயகம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முத்து முத்தான கையெழுத்தில் எழுதினார். 'சமூகத்துக்கு, என் வீட்டு எண்ணில் நடந்த இக்குற்றத்துக்காக மனப்பூர்வமாக வருந்துகிறேன். இனி இவ்வாறு நிகழாது என உறுதி கூறுகிறேன்.' கீழே கையெழுத்து, பதவி, முப்பத்தோரு வருடச் சேவை. அருளப்பன் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். கோமதிநாயகத்துக்கு அந்த மரியாதை ரொம்பப் பிடித்திருந்தது.

வீட்டில் கேள்விப்பட்ட முப்பிடாதி தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி மனுசா! செய்யாத தப்புக்கு யாராவது எழுதிக் குடுப்பாங்களா?"

"அடி போடி. அது ஒரு மரியாதைக்கு."

வெள்ளிக்கிழமை மன்றம் நிரம்பி வழிந்தது. வெண்பொழிலில் நீதிபதி கிடையாது, நடுவர்ப்பொறிதான். அலமாரி உயரம், முகம் இல்லை, குரல் மட்டும். கெட்ட பொறி என்று யாரும் சொல்ல முடியாது. அதற்குச் சாதி தெரியாது, சொந்தக்காரன் தெரியாது, பசி இல்லாததால் எரிச்சலும் வராது. முன்னால் வைத்ததை வைத்துத் தீர்ப்புச் சொல்லும். எதை வைக்க வேண்டும் என்பது வைக்கிறவன் பாடு.

"வழக்கறிஞர் வைத்துக்கொள்கிறீர்களா?" என்று பொறி கேட்டது. சட்டப்படி மூன்று முறை கேட்க வேண்டும், கேட்டது. மூன்றாவது முறை கோமதிநாயகத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

"உண்மைக்கு எதுக்குய்யா வக்கீலு? குத்தமுள்ள நெஞ்சுதான் வக்கீலைத் தேடும். நீ கேளு, நான் சொல்லுதேன்."

கூட்டம் கைதட்டியது. பொறி கேட்க ஆரம்பித்தது.

"பங்குக்கு மேல் ஒரு வீடு காற்றை இழுக்க முடியுமா?"

"தாராளமா முடியும். கால் அங்குலக் குழல் ஒண்ணு, சின்ன மோட்டார் ஒண்ணு. அரை மணி நேர வேலை."

"நாலாம் தெருவில் அதைச் செய்யத் தெரிந்தவர்கள் யார்?"

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மனுசனுக்குப் பெருமை என்று ஒரு சனியன் இருக்கிறதே! கோமதிநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னைத் தவிர ஒரு பயலுக்குத் தெரியாது. அத்தனை பேரும் அரைகுறை."

"பதினெட்டாம் தேதி காலையில்தான் அதிகக் காற்று இழுக்கப்பட்டிருக்கிறது. அப்போது எங்கே இருந்தீர்கள்?"

"வால்வு அறையில." பிறகு யோசித்தார். "இல்ல, இல்ல. அன்னைக்கு முழங்கால் வலின்னு வீட்டுல இருந்தேன். இருங்க... அது பத்தொன்பதோ?"

"மூன்று பதில்கள் சொல்லியிருக்கிறீர்கள். எதை எடுத்துக்கொள்ளட்டும்?"

"எதை வேணாலும் எடுத்துக்கோங்க. நான் திருடல."

நாற்பது நிமிடம் பேசினார். வாரியத்தில் நடக்கிற ஊழலைப் பற்றிப் பேசினார். சம்பளம் பத்தவில்லை என்பதைப் பற்றிப் பேசினார். காற்றுப் பங்கீடே அநியாயம், பெரிய மனுசர்கள் தெருவுக்கு ஒரு நீதி நமக்கு ஒரு நீதி, ஒருவன் திருடினால்கூட அவனைத் தப்பு சொல்ல மாட்டேன் என்று மேசையைத் தட்டிச் சொன்னார். கூட்டம் திரும்பவும் கைதட்டியது. முப்பிடாதி மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "போதும், உட்காருங்க, போதும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பொறி கடிதத்தைத் திரையில் காட்டியது. "இது உங்கள் கையெழுத்தா?"

"ஆமா. அது மரியாதைக்கு எழுதினது."

"'இக்குற்றத்துக்காக வருந்துகிறேன்' என்று இருக்கிறது. செய்யாத குற்றத்துக்கு வருந்துவது மரியாதையா?"

அப்போதுதான் கோமதிநாயகத்துக்கு முதுகில் வேர்த்தது. சுற்றிலும் பார்த்தார். யோசனை சொன்ன தெருக்காரர்கள் எல்லாரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்த மானிதான் பொய் சொல்லுது!" என்று கத்தினார். "அதைக் கூப்பிட்டுக் கேளுங்க! எப்ப அளந்துச்சு, எப்படி அளந்துச்சுன்னு கேளுங்க!"

முதல் தடவையாக உருப்படியான ஒரு பேச்சு. நாலாம் தெருக் காற்றுமானியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்கள். தேங்காய் அளவுக்கு ஒரு பித்தளை உருண்டை, நடுவில் ஒரு கண், கீழே ஒரு ஒலிபெருக்கி. நிலவுச் சட்டப்படி சாட்சி சொல்லத் தெரிந்த கருவி ஒவ்வொன்றும் மன்றத்தில் ஓர் ஆள். பொய்ச்சாட்சி என்று தெரிந்தால் உருக்கிவிடுவார்கள். ஆக, அதற்கும் உயிர் போகிற விஷயம்தான்.

"நாலாம் தெருக் காற்றுமானியே, உன் அளவு சரியானதா?"

மானி ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை. "என் வழக்கறிஞர் சொல்லாமல் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல மாட்டேன்."

பின்வரிசையில் இருந்து ஜெசிந்தா எழுந்து வந்தாள்.

மன்றமே சிரித்தது. கோமதிநாயகம் சிரிக்கவில்லை, குதித்தார். "பாத்தீங்களா! பாத்தீங்களா! தப்பு பண்ணலேன்னா வாயைத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே? இதுலயே தெரியலையா?"

"பேசாமல் இருப்பது குற்றத்துக்குச் சான்று ஆகாது," என்றது நடுவர்ப்பொறி. "பேசியது ஆகும்."

ஜெசிந்தா அரை நிமிடம்தான் பேசினாள். "ஒரு கருவியைக் குறுக்கு விசாரணை செய்யணும்னா ரெண்டு நாள் முன்னாடி எழுத்துல அறிவிப்புக் குடுக்கணும். அந்த மாதிரி ஏதும் வந்திருக்கா?" வரவில்லை. யாருக்கும் அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. அவள் உட்கார்ந்துவிட்டாள். மானியைத் துணியில் சுற்றி, பத்திரமாக எடுத்துப் போனார்கள்.

கோமதிநாயகத்துக்குப் பத்து வருடம்.

வெளியே வந்த சனம் என்ன பேசிக்கொண்டது தெரியுமா? "வக்கீல் வச்சப்பவே தெரிஞ்சுபோச்சு, மானிதான் கோளாறு" என்றது. அதே வாய், அடுத்த மூச்சில், "இவரும் என்னமோ செஞ்சிருக்காரு, இல்லேன்னா எழுதிக் குடுப்பாரா?" என்றது. தூ!

முப்பிடாதி ஜெசிந்தாவை நடைபாதையிலேயே மறித்தாள். "நல்லா இருப்பியா தாயி? ஒரு பித்தளைக் குண்டுக்காக என் தாலியில கைய வச்சிட்டியே!"

"அம்மா, நீங்க வருவீங்கன்னு செவ்வாக்கிழமை பூரா கதவைத் தொறந்து வச்சிருந்தேன். புதன்கிழமை காலையில மானி சேதி அனுப்பிச்சு. மொதல்ல வந்தவங்க என் கட்சிக்காரர். அவங்களை விட்டுக்குடுக்காம பேசுறதுதான் என் தொழில்."

"ஒரு மானிக்குப் போயி வக்கீல் வைக்கணும்னு எப்படித் தோணும்?"

"பூமியில இருநூறு வருசமா நடந்த வழக்கு எல்லாத்தையும் அதுக்குள்ள ஏத்தி வச்சிருக்காங்க. அம்புட்டையும் வாசிச்சிருக்கு." ஜெசிந்தா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மேல்முறையீட்டுக்கு ஒரு வாரம் இருக்கு. வெளியூர்ல, கீழ்க்குமிழ்ல பரக்கத்துல்லான்னு ஒரு வக்கீல் இருக்காரு. வேற ஒண்ணும் நான் சொல்லக் கூடாது."

இந்தத் தடவை முப்பிடாதி யாரிடமும் யோசனை கேட்கவில்லை; புருசனிடமும் கேட்கவில்லை. நேரே கீழ்க்குமிழுக்கு வண்டி ஏறினாள்.

பரக்கத்துல்லா ஒல்லியான மனிதர், சிரிக்கவே மாட்டார். வாரியத்தின் பொதுப்பதிவேட்டை ஒன்றரை மணி நேரம் புரட்டினார். காற்றுமானி ஒவ்வொன்றையும் வருடத்துக்கு ஒரு முறை சோதித்து முத்திரை போட வேண்டும் என்று விதி. நாலாம் தெரு மானியைச் சோதித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. முத்திரை இல்லாத மானியின் சாட்சி செல்லாது. சாட்சி போனால் வழக்கில் மிஞ்சுவது கடிதம் ஒன்றுதான். வக்கீலைப் பற்றிச் சொல்லாமல் காவல் நிலையத்தில் எழுதி வாங்கிய கடிதம், அதுவும் செல்லாது. இவ்வளவுதான் விஷயம். திங்கட்கிழமையே யாராவது பார்த்திருந்தால் திங்கட்கிழமையே முடிந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை காவல் அறைக்கு வந்து கோமதிநாயகத்தைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை மேல்முறையீடு. மத்தியானச் சாப்பாடு உங்க வீட்டுலதான். எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்யணும் நீங்க."

"சொல்லுங்க வக்கீலய்யா. என்ன பேசணும்?"

"ஒண்ணும் பேசக் கூடாது. யார்கிட்டயும். சாப்பாடு, தண்ணி, கக்கூஸ், இந்த மூணைத் தவிர வாயைத் தொறக்கக் கூடாது."

"நெல்லையப்பர் மேல சத்தியம்," என்றார் கோமதிநாயகம். கண் கலங்கியிருந்தது. பனிச்சுரங்கம் என்னவென்று இந்த நாலு நாளில் அவருக்குப் புரிந்திருந்தது. பக்கத்து அறையில் இருந்தவன் அங்கே போய் வந்தவன். அவன் இருமுவது சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

சத்தியத்தைக் காப்பாற்றினார். புதன்கிழமை முழுக்கக் காப்பாற்றினார். வியாழக்கிழமை மத்தியானம் 'பரிமாறி' வந்தது. காவல் அறைகளுக்குச் சோறு கொண்டுவருகிற எந்திரன். நெற்றியில் ஒரு சிவப்பு விளக்கு. எரிந்தால் பதிவாகிறது என்று அர்த்தம். அதை ஒளித்து வைக்கவில்லை. விளக்குக்குக் கீழே, 'இங்கே பேசுவது அனைத்தும் வழக்கில் சேர்க்கப்படும்' என்று தெளிவான தமிழில் எழுதியும் இருந்தது.

"சாம்பார் போதுமா?" என்றது பரிமாறி.

கோமதிநாயகம் தலையை மட்டும் ஆட்டினார்.

"பொரியல்?"

கையைக் காட்டிப் போதும் என்றார். பரிமாறி நகரப் பார்த்தது. கைதிகளிடம் ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லும்படி அதற்குப் பழக்கியிருந்தார்கள். வாசற்படியில் நின்று சொன்னது. "உங்களைப் பார்த்தால் திருடியவர் போலவே தெரியவில்லை, ஐயா."

கோமதிநாயகத்தின் கை சோற்றிலேயே நின்றது. பத்து நாளில் ஒருவர்கூட அவரிடம் சொல்லாத வார்த்தை.

"நீ ஒருத்தன்தான்யா கண்டுபிடிச்சே," என்றார். "இங்க வா. நில்லு. ஒரு விசயம் சொல்லுதேன், கேளு. போன பொங்கல் அன்னைக்கு நாலாம் தெருவுக்கு மட்டும் கால் மணி நேரம் கூட வால்வைத் தொறந்து விட்டேன். சின்னப் பிள்ளைக பலூன் ஊதணும்னு கேட்டுச்சு, மனசு கேக்கல. வாரியத்துக்குத் தெரியாது. எங்க வீட்டுக்காரிக்கே தெரியாது. நானாச் சொன்னாத்தான் உண்டு. இப்ப உன்கிட்ட சொல்லுதேன்ல? திருடினவன் இப்படி மனசைத் தொறந்து சொல்லுவானா?"

"சொல்ல மாட்டான்," என்றது பரிமாறி.

"அதைச் சொல்லு!" கோமதிநாயகம் அதன் நெற்றியைப் பார்த்தார். "எல்லாம் பதிஞ்சுதா?"

"பதிந்துவிட்டது, ஐயா."

"நல்லது. நாளைக்கு வக்கீல் எதையாவது விட்டுட்டாருன்னா இதை நீயே போட்டுக் காமிச்சிரு," என்று சொல்லிவிட்டு, தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.